அவள் மேலே, நான் கீழே

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் எனக்கு ஷிப்ட் வேலை. மனைவி பக்கத்து ஊரான இடைசெவல்காரி. வீடு நிறைய ஆள் இருந்ததால் நாங்கள் பேசிக்கொண்டதே குறைவு. சாப்பாடு போதுமா, சட்டையைத் துவைக்கப் போடவா என்கிற அளவில்தான்.

மதுரைப் பக்கம் தீம் பார்க் திறந்திருப்பதாக மில்லில் பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யோசிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்கு உயரம் ஆகாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ராட்சதக் கப்பல். முன்னும் பின்னுமாக ஆடி, ஆட்களை வானத்துக்குத் தூக்கி இறக்கியது. பார்த்ததுமே நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“போவமா?” என்றாள்.

“நீ போயிட்டு வா. எனக்குத் தலை சுத்தும்.”

“நான் மட்டுமா? யாராவது பாத்தா என்ன நெனப்பாவ?”

“இங்கன நம்மள யாருக்குத் தெரியும்?”

பையையும் செருப்பையும் என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். கப்பல் உச்சிக்குப் போனபோது, “ஏங்க!” என்று ஒரு சத்தம். கீழே நின்ற நாலைந்து புருஷன்மார் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தோம்.

இறங்கியவள் என்னிடம் வரவில்லை. மறுபடியும் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மில்லில் சத்தத்தை வைத்தே பேரிங் கோளாறு சொல்பவன் நான். கப்பல் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கிரீச் என்றது. இயக்குகிறவரிடம் போய், “இதெல்லாம் தெனமும் பாப்பியளா?” என்று கேட்டேன்.

“அண்ணே, நாலாவது தடவையா கேக்குறீங்க. போய் ஒரு டீ குடிங்க.”

டீக்கடையில் நின்றபடி, இறங்கி வருகிறவர்களின் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு ஏறிய ஒருவர், மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார். வயதான ஒரு அம்மா இறங்கமாட்டேன் என்று மருமகனிடம் அடம்பிடித்தார். எனக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. ஏறாமலே இவ்வளவு வேடிக்கை இருக்கிறதே என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் கப்பலில் அவள் இல்லை. வரிசையிலும் இல்லை.

கையில் அவள் செருப்போடு பார்க் முழுக்க அலைந்தேன். பெண்கள் வரிசையாக நின்ற இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்து, முறைப்பு வாங்கிக்கொண்டேன். கடைசியில் நீர்ச் சறுக்கின் உச்சியில், யாரோ சுற்றுலா வந்த பெண்களோடு நின்றாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. சர்ரென்று வழுக்கி வந்து தண்ணீருக்குள் விழுந்தாள். அவள் தலை வெளியே தெரியும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

“சொல்லிட்டுப் போக மாட்டியா?”

“நீங்க டீ குடிக்கப் போனியளே.” என் முகத்தைப் பார்த்தாள். “பயந்துட்டியளா?”

பிறகு அவளே சொன்னாள். “எங்க தோட்டத்துக் கெணத்துல மேல இருந்து குதிப்பேன். பெரியவளானதும் அப்பா வேண்டாம்னுட்டாவ.” சுடிதாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்கு மாதத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் விஷயம் அதுதான். “இன்னொரு வாட்டி போகட்டுமா?”

“போ. மேல போனதும் கையக் காட்டு.”

அதன்பிறகு எத்தனை தடவை ஏறினாளோ. ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கையைக் காட்டினாள். நானும் கீழே நிலைகொள்ளாமல் நடந்தபடியே கையை ஆட்டினேன். கையில் செருப்பு இருந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த பிறகுதான் கவனித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: “எல்லாத்துலயும் ஏறுனியாலே?”

“நான் ஏறல. அவதான் ஏறுனா.”

“அவ மட்டுமா? நீ என்ன செஞ்ச?”

“பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஏதோ சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அம்மா என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, மேல இருந்து பாத்தா மதுரைக் கோபுரம் தெரியுதா?”

அவள் அடுப்படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க நாலு நாள் ஆயிற்று.