சிவப்பில் வந்த பெயர்கள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறையை அடுத்த அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். மேலே எல்லோருக்கும் அவர் ‘சர்வர் சார்’. சாப்பாட்டு வேளையில்கூட யாரும் இறங்கி வரமாட்டார்கள். கம்ப்யூட்டர் நின்றால் மட்டும் போன் வரும்.

அங்கே ஓடும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் மென்பொருளை ஏற்றுவதும் நீக்குவதும் அவர் வேலை. அதற்கான பேக்கேஜ் மேனேஜரில் ஒரு கட்டளை தட்டினால், எது புதிதாக வரும், எது போகும் என்று கறுப்புத் திரையில் காட்டிவிட்டு, செய்யட்டுமா என்று கேட்கும். புதிய பதிப்பில் அதை அழகுபடுத்தியிருந்தார்கள். வருவது பச்சை, போவது சிவப்பு. பார்த்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். அவருக்கு இரண்டும் ஒரே சேற்று நிறம். பிறவியிலேயே அப்படி, அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலை, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த மென்பொருள் பெயர்களை மேலோட்டமாகப் படித்துவிட்டுச் சரியென்று தட்டினார். அச்சடிக்கும் மென்பொருள் போயே போய்விட்டது. மாடியில் மருந்துச் சீட்டுக்கு நின்ற கூட்டம் வாசல்வரை நீண்டது.

"சிவப்புல காட்டியிருக்கே சார், கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்றார் மேலாளர்.

"கவனிக்கலங்க."

மதியத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்தார். பிறகு, அந்தக் கருவியை உருவாக்குகிறவர்களின் இணையப் பக்கத்தில் எழுதினார்: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; ‘நீக்கப்படுபவை’ என்று சொல்லாகவே போடுங்கள், அதற்கு மேலே ஒரு வரி வெறுமையாக விடுங்கள். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: ‘உங்கள் கண்ணுக்கு இந்தத் திரை எப்படித் தெரிகிறது?’

இத்தனை வயதில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளியில் அடிமரத்துக்கும் இலைக்கும் ஒரே கலர் பென்சிலைத் தீட்டி அடிவாங்கியதுவரை எழுதினார். பிறகு அதையெல்லாம் அழித்துவிட்டு, திரையைப் பற்றியதை மட்டும் அனுப்பினார்.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கருவி அவர் கேட்டபடியே மாறி வந்தது. அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நான் சொன்னத மாத்திட்டாங்க. இனிமே எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்."

"நல்லதுப்பா. எதுல, டிவியிலயா?"

"கம்ப்யூட்டர்லக்கா. நடுவுல ஒரு வரி விட்டிருக்காங்க."

"ஒரு வரியா? சரிப்பா. நேரத்துக்குச் சாப்பிடு. பேத்தி அழறா, வைக்கட்டுமா?"

"சரிக்கா, வை."

செய்யட்டுமா என்று கேட்டுவிட்டு, திரை அவர் பதிலுக்குக் காத்திருந்தது. வேண்டாம் என்று தட்டி, அதே கட்டளையை இன்னொரு தடவை கொடுத்தார். அந்த வெற்று வரியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.