காற்றுக்குழாயில் கட்டிய வெள்ளைத் துணி

மாமா அந்தத் துணியைத் தம் வேட்டியிலிருந்து கிழித்தார். கந்தல் வேட்டி அல்ல. மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த, இன்னும் சில வருடங்கள் உழைக்கக்கூடிய வேட்டி. பச்சைக் கரையை ஒட்டிப் பல்லால் கடித்து ஒரு தொடக்கம் கொடுத்து, இரு கைகளாலும் இழுத்தார். நேராகக் கிழிந்தது. காரின் டிக்கியைத் திறந்து, இடுப்புவரை உள்ளே நுழைந்து, பெட்ரோல் டாங்கின் மேல்பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு சிறிய ரப்பர் குழாயின்மேல் அதை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எவனும் எனக்காக மோந்து பார்த்துச் சொல்ல வேணாம். துணி சொல்லும்" என்றார். மராட்டிய மாநிலத்து நிக்டியில் அன்று மார்ச் மாத வெயில் போர்ட்டிகோவின் சிமென்ட் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மாமாவின் மகன் உள்ளே தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா என் அம்மாவின் அண்ணன். கட்கியில் ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்து, தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றவர். ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சு, குவார்ட்டர்ஸ் இந்தி, சந்தையில் மட்டும் மராத்தி. காரை அவர் கேம்ப் பகுதியில் ஒரு பார்சி முதியவரிடமிருந்து வாங்கினார். ஐம்பதுகளின் கார். முன்கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும். உருண்ட முதுகு, சப்பை மூக்கு. இந்த வகைக் காரை மராட்டியர்கள் செல்லமாக டுக்கர், அதாவது பன்றி, என்பார்கள். அத்தைக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "வூட்டு வண்டிய போயி பன்னின்றாங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளிக்கிழமைதோறும் அதன் நெற்றியில் குங்குமம் வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அதன் போனட்டுக்குள் கைவிட்டபடி மணிக்கணக்கில் நிற்பார். குவார்ட்டர்ஸில் இருந்த இருபது குடும்பங்களில் கார் வைத்திருந்த ஒரே தமிழர் அவர்தான். அந்தக் கார் இல்லாமல் அவரை அங்கே யாரும் நினைவு வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது.

நிக்டியில் சொந்த வீடு கட்டிக் குடிபோன பிறகும் மாமா ஒரு வழக்கத்தை விடவில்லை. ஆயுத பூஜை அன்று வீட்டில் எதுவும் குறைவாக இருக்கக் கூடாது. அரிசி டிரம் விளிம்புவரை, தண்ணீர்த் தொட்டி விளிம்புவரை, அடுப்பில் புது சிலிண்டர், காரில் வாய்வரை பெட்ரோல். பங்க் ஊழியர் போதும் என்று குழாயை எடுத்தால், "இன்னும் ஊத்து, கண்ணுக்குத் தெரியணும்" என்பார். மற்ற நாட்களில் டாங்கில் கால்வாசிக்கு மேல் இருக்காது. இந்த ஒரு வழக்கம்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. டாங்கிலிருந்து காற்று போக, வர ஒரு குழாய் உண்டு. பெட்ரோல் குறைந்தால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வெயிலில் பெட்ரோல் விரிந்தால் ஆவி வெளியே போக வேண்டும். இரண்டுக்கும் அதுதான் வழி. அந்தக் குழாயின் ரப்பர் பகுதி அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. கால்வாசி டாங்கில் அது தெரியாது. வாய்வரை நிரப்பி அக்டோபர் வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் அந்த வெடிப்பில் கசிந்து டிக்கிக்குள் இறங்கும்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அத்தை அதற்கு முன்பே போய்விட்டார். அந்த ஆயுத பூஜைக்கு நானும் போயிருந்தேன். கட்கியிலிருந்து மாமாவின் பழைய சகாக்கள், பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பம், எல்லாரும் போர்ட்டிகோவில் நின்றிருந்தார்கள். சாமந்தி மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், வைப்பரில் சந்தனம். மாமா கற்பூரத் தட்டை ஏந்திக் காரைச் சுற்றி வந்தார். டிக்கிப் பக்கம் வந்து தட்டை இறக்கியபோது மருமகள் கத்தினாள். கோயம்புத்தூர்ப் பெண், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "மாமா, தட்டத் தள்ளிப் புடிங்க! பெட்ரோல் வாசம் அடிக்குதுங்க!" குழந்தையை வாரிக்கொண்டு அவள் தெருவுக்கே ஓடிவிட்டாள். மற்றவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். மாமா மட்டும் எரியும் தட்டோடு அங்கேயே நின்று, "இன்னா வாசம்? எனக்கு ஒண்ணும் வர்லியே" என்றார். யாரோ தட்டைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தார்கள்.

அவருக்கு வாசனை தெரியாது என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். பால் தீய்கிறது, சாம்பார் ஊசிவிட்டது, சட்டை நாறுகிறது என்றெல்லாம் அத்தை சொல்லிக்கொண்டே இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அத்தையின் மூக்கைக் கடன் வாங்கித்தான் மாமா அத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார். மகன் அதை நம்பவில்லை, அல்லது எல்லாருக்கும் தெரியட்டும் என்று நினைத்தான். ஒரு துணியைப் பெட்ரோலிலும் இன்னொன்றைத் தண்ணீரிலும் நனைத்து எடுத்து வந்தான். "அப்பா, கண்ண மூடு. பெட்ரோல் எது, சொல்லு பாக்கலாம்." சுண்டல் கிண்ணங்களோடு விருந்தாளிகள் கூடிவிட்டார்கள். மாமா பள்ளிப் பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். முதலில் நீட்டியது தண்ணீர்த் துணி. நன்றாக இழுத்து மூச்சு வாங்கி, "இதான்" என்றார். பழைய சகா ஒருவர், சார்ஜ்மேன் சாஹிபோடு சேர்ந்து மூக்கும் ரிட்டயராகிவிட்டது என்று இந்தியில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

அன்று மாலையே மகன் பேச்சை முடித்தான். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுக்கையறை ஜன்னல் போர்ட்டிகோவைப் பார்த்து இருக்கிறது, இந்த வண்டி இனி வேண்டாம். அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். மாமாவும் மறுக்கவில்லை. "வாசம் நின்னா வண்டி இருக்கும். நிக்கலேன்னா குடுத்துடலாம். இதானே பேச்சு?" என்று கேட்டார். "ஹான்ப்பா, இதான்" என்றான் மகன்.

முதலில் காசார்வாடியில், பழைய மும்பை சாலையோரம் கார் பழுது பார்க்கும் ஒரு மிஸ்திரியிடம் போனார். அவர் குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு, வெடித்த ரப்பரைக் கழற்றி எறிந்து, காற்று வழியின் வாயில் ஒரு போல்ட்டை இறுக்கி அடைத்துவிட்டார். வாசனை அந்த நிமிடமே நின்றது. வீட்டில் எல்லாரும் முகர்ந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மாமா கிளம்பினார். பாதி வழியில், நெடுஞ்சாலை நடுவில் கார் திக்கித் திணறி நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மாமா இறங்கிப் போய் டாங்கின் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று நீண்ட சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைத் தளர்த்தி வைத்ததும் கார் கிளம்பியது. மூச்சுவிட வழியில்லாத டாங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாமா இதை உற்சாகமாக விளக்கிக்கொண்டே ஓட்டினாராம். மருமகள்தான் பிறகு என்னிடம் சொன்னாள்.

அதன்பின் அவரே இறங்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் செய்தது அந்த ஒரு வேலைதான் என்று சொல்லலாம். தண்ணீர்க் குழாய் ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிப்போகும் என்பதால், பெட்ரோலுக்கென்றே செய்த குழாயைத் தேடி ஒவ்வொரு கடையாக அலைந்தார். போல்ட்டை எடுத்தார். டாங்கை இறக்கிக் கழுவிக் காயவைத்தார். துரு ஏறியிருந்த இரும்புக் குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது ரப்பரைப் பொருத்தி, இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டார். வெயில் ஏறும்வரை காத்திருந்தார். பெட்ரோலைக் கண்ணுக்குத் தெரியும்வரை ஊற்றி, காரை வெயிலில் நிறுத்தி, அந்தத் துணியைக் கட்டினார். நம் ஊர்ப் பெட்ரோலில் சாயம் உண்டு. காய்ந்து போனாலும் வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நிற வளையம் விட்டுப்போகும். மூக்கு இல்லாதவருக்குக் கண் போதும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

மறுநாளும் என்னை வரச் சொல்லியிருந்தார். டிக்கியைத் திறந்தோம். துணி வெள்ளையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. "நீயும் மோந்து பாருடா மாப்ளே." தலையை உள்ளே விட்டேன். பழைய ரெக்ஸின், தூசி, புது ரப்பர். பெட்ரோல் இல்லை. இல்லை என்று சொன்னேன். மாமா உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார். அவன் அலைபேசியோடு வாசற்படிவரை வந்தான். அங்கிருந்து இறங்கவில்லை. "இன்னும் வர்துப்பா" என்றான்.

"கிட்ட வந்து பாருடா."

"இங்கயே வர்து. கிட்ட வந்து இன்னா பாக்கறது?"

அவன் பின்னால் நின்ற மருமகள் தரையைப் பார்த்தாள். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடியும் போட்டாள். மாமா துணியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "அப்போ வர்துதான்" என்று சொல்லி டிக்கியை மூடினார். துணியை அவிழ்க்கவில்லை. உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தார்.

பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தார். என்னைப் போலச் செய்தித்தாள் வேலையில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. சரியான தகவல் தன்னிடம் இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பான். "மாமா, துணி காஞ்சிருக்கு. அவன் பொய் சொல்றான்" என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை. "அவன் பொய் சொல்றான்னு வச்சிக்கினா, நாளைக்கி காலையில அவன் வூட்டுல காபி வாங்கிக் குடிக்கணுமேடா. வாசம் வர்துன்னு வச்சிக்கினா குடிச்சிடலாம்." வீடு அவர் பெயரில் இருந்தது. அவர் கட்டிய வீடு. அதை அவன் வீடு என்று சொன்னதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பஸ் வந்தது.

மராட்டியப் புத்தாண்டான குடி பாட்வா அன்று மகனின் புதுக் கார் வந்தது. மராட்டியர்கள் புது வண்டி எடுக்கும் நல்ல நாள் அது. நல்ல நாளில் வண்டி வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். போர்ட்டிகோவில் ஒரு காருக்குத்தான் இடம். மாமா புதுக் காருக்கும் கற்பூரம் காட்டினார். டிக்கிப் பக்கம் போனபோது மட்டும் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சில வருடங்கள் கழித்து, ஒரு மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் எல்லாக் காரியங்களையும் குறைவில்லாமல் செய்தான்.

பிறகு ஒருமுறை சாங்வியில் அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக ஒரு பழைய கார் ரோஜாச் சரங்களோடு நின்றது. பின்கீலில் திறக்கும் கதவுகள், உருண்ட முதுகு, இடது மட்கார்டில் எனக்குத் தெரிந்த ஒரு நெளிவு. நிறத்தை மாற்றியிருந்தார்கள். உரிமையாளரே ஓட்டுநர், ஐம்பது வயதுக்காரர், பேச்சுப் பிரியர். கார் பிடித்திருக்கிறது என்று சொல்லி டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னேன். ஸ்டெப்னிக்குப் பின்னால், டாங்கின்மேல், துணி அப்படியே இருந்தது. தூசியில் பழுத்திருந்தது; பச்சைக் கரை வெளிறியிருந்தது. ஆரஞ்சு வளையம் எதுவும் இல்லை.

"அதைத் தொடாதீங்க சாப், ராசியான துணி" என்றார் இந்தியில். "அதப் பாத்துத்தான் இந்த வண்டியையே எடுத்தேன். பழைய வண்டின்னா பெட்ரோல் ஒழுகும்னு எனக்குப் பயம். வித்த பையன் டிக்கியத் திறந்து இதக் காட்டுனான். வாய்வரைக்கும் ஊத்தி வெயில்ல நிறுத்துங்க, ஒரு சொட்டு கறை பாத்தா வண்டியத் திருப்பிக் குடுங்கன்னான். எங்கப்பா கையால செஞ்ச வேலை, நெருப்பே வெச்சாலும் பயமில்லன்னு சத்தியம் பண்ணான்."

அப்பா அங்கே இருந்தாரா என்று கேட்டேன்.

"இருந்தாரே. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். நான் அவரையும் கேட்டேன், பாபுஜி, வாசனை கீசனை ஒண்ணும் இல்லையேன்னு. எனக்கு மூக்கு இல்ல, பையனக் கேளுங்க, அவன் சொன்னா சரியா இருக்கும்னார்."

மேளம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையை அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். உரிமையாளர் டிக்கியை மூடுவதற்காகக் காத்திருந்தார். நான் குனிந்து அந்தத் துணியை முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை.