ஏழாவது வரிசையின் மஞ்சள் அட்டை

ஷெத்லியா ஜஸீரியைப் புகார்ப் பொறுப்பில் உட்கார வைத்ததற்கு ஒரே காரணம், பத்தொன்பது வருஷத்தில் அவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை என்பதுதான். பிஸெர்த் துறைமுக நகருக்கு வெளியே, கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்யும் எங்கள் ஆலையில் நாலாயிரம் பேர் வேலை பார்க்கிறோம். அதில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் பெண்கள். பணியாளர் பிரிவில் இடமாற்றக் கடிதம் அடிப்பது ஷெத்லியாவின் வேலை. எதிர் மேஜையில் லீவு விண்ணப்பம் பார்ப்பது என் வேலை. கப்பல் போகப் பாலம் தூக்கியிருந்ததால் பஸ் தாமதம் என்று எழுதித் தருகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே பாலம் தூக்கியிருந்தது, யார் தூங்கிவிட்டார்கள் என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த அளவுக்குத் தொழில் தெரிந்தவன் நான்.

எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. பெண்களிடம் யாராவது தப்பாக நடந்தால் புகார் சொல்ல வழி வேண்டும், இல்லையென்றால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்வோம் என்று. அடுத்த வாரமே எங்கள் மேலாளர் ஸீதி அனிஸ் ஒரு தகரப் பெட்டி வாங்கினார், முப்பது பக்கத்தில் விதிப் புத்தகம் அச்சடித்தார், ஷெத்லியாவைக் கூப்பிட்டார். மரியாதைக்குப் பெண்களை லல்லா என்பதும் ஆண்களை ஸீதி என்பதும் எங்கள் ஊர் வழக்கம்.

"லல்லா ஷெத்லியா, பெரிசா ஒண்ணுமில்ல. மாசம் ஒருக்கா பெட்டியத் தெறக்கணும். உள்ள ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"உள்ள ஏதாவது இருந்தா?"

"எதுக்கு இருக்கப்போவுது?"

பெட்டியை சூப்பர்வைசர்கள் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டினார்கள். மூன்று மாதம் ஒன்றும் இல்லை. ஷெத்லியா மூன்று முறையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாவது மாதம் பெட்டியைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பெண்கள் கழிப்பறையில் மாட்டினார். மேலதிகாரி யாரும் அங்கே போவதில்லையாதலால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாதம் முப்பத்தோரு சீட்டு விழுந்தது. பத்தொன்பது, கான்டீன் கூஸ்கூஸில் கறி இல்லை என்பது பற்றி. ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மாமியார் இந்த ஆலையில் வேலை பார்க்காததால் விதி பொருந்தாது என்று ஷெத்லியா வருத்தத்துடன் பதில் அடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். எல்லாச் சீட்டுக்கும் பதில் ஒட்டினார். சீட்டுகளில் ஒன்று: "ஏழாவது வரிசையில் அட்டையை ஆணியில் மாட்ட வேண்டும்."

வயர் கட்டும் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு மஞ்சள் அட்டை உண்டு. கழிப்பறைக்குப் போகிறவள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஷெத்லியா இது பராமரிப்புப் பிரிவு விஷயம் என்று நினைத்து, தச்சரை அனுப்பி ஏழாவது வரிசையில் ஆணி அடிக்கச் சொன்னார். தச்சர் அடித்தார். பதில் ஒட்டப்பட்டது: "ஆணி அடிக்கப்பட்டது."

அடுத்த மாதம் அதே கையெழுத்தில் ஒரு சீட்டு. "ஆணி இருக்கிறது. அட்டை இல்லை."

அப்போதுதான் அவர் கீழே இறங்கிப்போனார். அரை மணி நேரம் ஏழாவது வரிசை ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

"என்ன லல்லா?" என்றேன்.

"ஜலேல் அட்டைய சட்டைப் பையில வெச்சிருக்கான்."

ஜலேல் ஏழாவது வரிசையின் சூப்பர்வைசர். நல்ல உற்பத்தி காட்டுகிறவன். சுவரில் அவன் படம் இரண்டு முறை மாட்டப்பட்டிருக்கிறது.

"சரி, வெச்சிருக்கட்டுமே."

"கேட்டா எடுத்துத் தர்றதில்ல. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, 'எடுத்துக்கோ'ங்கறான். சில நாள் பேன்ட் பையில."

நான் பேனாவைத் திருப்பி வைத்தேன். பிறகு, "நமக்கெதுக்கு லல்லா, பெட்டி காலியா இருந்துச்சுன்னு எழுதிடுங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை.

சீட்டு எழுதியவள் நெஸ்ரீன் என்ற இருபத்துநாலு வயதுப் பெண். ஷெத்லியா கையெழுத்தைக் கண்டுபிடித்தது என்னிடமிருந்துதான். ஜூலையில் அவள் வேலையில் மயங்கி விழுந்து, சிறுநீர்த் தொற்று என்று டாக்டர் சீட்டோடு ஆறு நாள் லீவு கேட்டிருந்தாள். அந்த விண்ணப்பம் என் கட்டில் இருந்தது. சாயங்காலம் ஆலை பஸ்ஸில் ஷெத்லியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் இருந்தேன்.

"தண்ணி குடிக்கறதில்லையாமே நீ?"

"காலைல அஞ்சு மணிக்கு வீட்ல குடிக்கறதோட சரி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் அடுத்தது."

"மத்தவங்க?"

"எல்லாரும் அப்படித்தான் லல்லா. எங்க வரிசை ரோதா மட்டும் சிரிச்சுக்கிட்டே எடுத்துக்குவா. பஸ்ல ஏறினதும் அழுவா."

"பேர் போட்டு எழுதித் தர்றியா?"

"தந்தா என்ன ஆவும்?"

"தெரியல. நானும் இதுக்குப் புதுசு."

அந்தப் பதில்தான் அவளுக்குப் பிடித்ததென்று நினைக்கிறேன். மறுநாள் எழுதித் தந்தாள்.

ஸீதி அனிஸ் புகாரை இரண்டு முறை படித்தார். கெட்டவர் இல்லை, யாராவது அழுதால் தானே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருவார்.

"பாவம் அந்தப் பொண்ணு. உடனே அங்கேருந்து எடுத்துடுவோம். பேக்கிங்குக்கு மாத்தி ஒரு கடிதம் அடிங்க."

"அவளையா?"

"பின்ன? அவ நல்லதுக்குத்தான்."

ஷெத்லியா கணினியில் இடமாற்றப் படிவத்தைத் திறந்து, 'ஏழாவது வரிசையிலிருந்து' என்று அடித்தார். அந்த வரிசையிலிருந்து முன்பு மாற்றப்பட்டவர்களின் பட்டியல் தானாகவே கீழே வந்தது. ஆறு வருஷத்தில் பதினோரு பேர். எல்லாரும் பெண்கள். எல்லாக் கடிதத்தையும் அடித்தவர் ஷெத்லியா. எல்லாவற்றிலும் காரணம் ஒன்றே: 'ஊழியரின் சொந்த விருப்பத்தின் பேரில்.' அது படிவத்திலேயே அச்சாகி இருக்கும் வரி.

"இவங்கள்ல யாராவது விருப்பம்னு வந்து சொன்னதா உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் லீவு செக்ஷன், லல்லா."

ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் என் பழைய கட்டுகளைப் பிரித்தேன். பதினோரு பேரில் எட்டுப் பேர் மாற்றத்துக்கு முன்பு அதே தொற்றுக்கு லீவு எடுத்திருந்தார்கள். எட்டிலும் என் கையெழுத்து. பஸ் தாமதத்தில் பொய் கண்டுபிடிக்கிறவன் இதைப் பார்க்கவில்லை. கட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பதினோரு கடிதத்தோடு சேர்த்துக் கட்டினார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

விதிப் புத்தகத்தின் ஒன்பதாவது பிரிவு, 'விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரை வேறிடத்துக்கு மாற்றலாம்' என்கிறது. எந்தச் சம்பந்தப்பட்டவர் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை ஷெத்லியா வழக்கம்போல் நாற்பது கடிதங்களை அடுக்கிக் கொண்டுபோனார். வியாழக்கிழமை கான்டீனில் மீன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஸீதி அனிஸ் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறாவது கடிதம், ஜலேலை ஏழாவது வரிசையிலிருந்து பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றியது. சொந்த விருப்பத்தின் பேரில்.

வெள்ளிக்கிழமை காலை ஜலேல் கடிதத்தை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன இது? நான் எப்போ விருப்பம்னு சொன்னேன்?"

"அந்த வரி அச்சுலயே வருது. நான் சேர்க்கல" என்றார் ஷெத்லியா.

"அச்சுல வந்தா? என் வாயால நான் கேக்கணும்ல? இது அக்கிரமம் இல்லையா?"

"அக்கிரமம்தான். எழுதிக் குடுங்க. பதிஞ்சுக்கறேன்."

"என்னத்த எழுத?"

"விருப்பம் கேக்காமலே விருப்பம்னு போட்டு மாத்திட்டாங்கன்னு. இதுவரைக்கும் பதினோரு பேருக்கு இப்படி ஆயிருக்கு. ஒருத்தரும் வந்து கேக்கல. நீங்கதான் மொதல் ஆளு."

அவன் கோபத்தில் அங்கேயே நின்று, என் பேனாவை வாங்கி, ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நல்ல கையெழுத்து.

அதற்குப் பிறகு ஸீதி அனிஸுக்கு வழி அடைபட்டுவிட்டது. ஜலேல் சொல்வது சரி என்றால் அந்தப் படிவம் பொய்; படிவம் பொய் என்றால் பதினோரு கடிதமும் பொய். அவன் சொல்வது தப்பு என்றால் கிடங்கிலேயே கிடக்க வேண்டியதுதான். கதவைச் சாத்திக்கொண்டு ஷெத்லியாவிடம் கத்தினார். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"என்னை மாட்டிவிட்டுட்டீங்களே லல்லா! பத்தொன்பது வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்லையே நீங்க!"

"ஆமா. அதையும் எழுதிக்கலாம்" என்றார் ஷெத்லியா.

இரண்டு புகாரும் பதிவாகிவிட்டதால் ஒழுங்கு விசாரணைக் குழு செப்டம்பரில் கூடியது. நிர்வாகத்தில் இருவர், தொழிற்சங்கத்தில் இருவர், ஆலை டாக்டர். பதினோரு பெண்களில் மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி வர மாட்டேன் என்று கதவைத் திறக்கவில்லை. ஏழு பேர் வந்தார்கள். அந்த ஏழு பேர் வீட்டுக்கும் ஷெத்லியா ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் போய், அந்த மாற்றக் கடிதத்தை அடித்தது தான்தான் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறார். ஒரு வீட்டில் அரை மணி நேரம் திட்டு வாங்கி, பிறகு காப்பி குடித்தாராம்.

ஜலேல், "எல்லாம் தமாஷ். அவங்களும் சிரிப்பாங்க" என்றான்.

மப்ரூகா என்ற பெண், ஆறு வருஷத்துக்கு முன்பு பேக்கிங்குக்குப் போனவள், குழு முன்னால் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "நான் அப்போ தண்ணி குடிக்கறத விட்டவ. இப்பவும் வேலை நேரத்துல குடிக்கத் தோணறதே இல்ல. பேக்கிங்ல அட்டையே கிடையாது, யாரும் கேக்கறதும் இல்ல. ஆனா தோணல." தொழிற்சங்கக்காரர்களில் ஒருவர் தன் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

இரண்டாவது அமர்வில் ஜலேலை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் கார் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வருவதாக இருந்தது. அதனால் நீக்கினார்களா, ஏழு பெண்களுக்காக நீக்கினார்களா என்பது எனக்குத் தெரியாது. ஷெத்லியாவைக் கேட்டேன். "முடிவு மட்டும்தான் கோப்புல ஏறும்" என்றார்.

அவருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தவறான காரணத்தோடு கடிதம் தயாரித்ததற்காக. ஊழியர் கோப்புகளை வைத்துக்கொள்வது அவர் பொறுப்பு என்பதால், அந்தக் கடிதத்தைத் தானே துளை போட்டுத் தன் கோப்பில் சேர்த்துக்கொண்டார். இடமாற்றப் படிவத்தில் காரணம் எழுத இப்போது காலி இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. அதைப் பற்றிப் பெட்டியில் சீட்டுப் போடுங்கள் என்று நான் சொன்னதற்கு, அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நெஸ்ரீன் எங்களிடம் நிலைக்கவில்லை. வழக்கில் ஜெயித்தவள் என்று வரிசையில் எல்லாரும் மரியாதையாக நடந்தார்கள். யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. குளிர்காலம் தொடங்கும் முன் நின்றுவிட்டாள். போன வசந்தத்தில் மீன் சந்தையில் நானும் ஷெத்லியாவும் அவளைப் பார்த்தோம். கடலில் குளிக்கும் உடைகள் தைக்கும் ஒரு சின்ன ஆலையில் இருக்கிறாளாம்.

"அங்க எப்படி?" என்றார் ஷெத்லியா.

"பொம்பள சூப்பர்வைசர் லல்லா. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கத்துவா. என்னைக் கழுதைங்கறா."

"புகார் பண்ணினியா?"

"இல்ல. நானும் திருப்பிக் கத்தறேன். ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டிப் போச்சு."

ஷெத்லியா மத்தி மீன் ஒரு கிலோ வாங்கி, அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பாதியை அவள் பையில் போட்டார். பஸ் வரத் தாமதமாகிவிட்டது.