கழுவி வைத்த கோதுகள்

அகதி விடுதியின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறையொன்று இருந்தது. அங்கிருந்த தொட்டியில் சவர்க்காரத் தண்ணீர் நிரப்பி, பித்தளைத் துப்பாக்கி ரவைக் கோதுகளை அண்ணை அலசிக்கொண்டிருந்த காட்சிதான் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருகிறது. எல்லாம் சுட்டு முடிந்த வெறுங்கோதுகள். தேய்ந்துபோன பல் தூரிகையால் ஒவ்வொன்றின் வாயையும் துலக்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துவாயில் வரிசையாக நிறுத்துவார். கரி போனதும் அவை நகைக்கடைச் சாமான் போல மின்னும். ஊரில் சந்திகளில் சிதறிக் கிடந்தவையும் இதே மாதிரியானவைதான். எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

"இதுகளைப் பார்க்க உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறுங்கோது என்ன செய்யும்? சும்மா இருந்தாத்தான் எனக்கு விசர் பிடிக்கும்," என்றார்.

அவர் எனக்கு உறவில்லை. ஹம் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த விடுதியில் ஒரே அறையில் கட்டில் கிடைத்ததால் அண்ணையானவர். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். தம்பியை இராணுவம் றோட்டில் வைத்துச் சுட்ட பிறகு, மிஞ்சியிருந்த மகனையாவது காப்பாற்ற வேண்டுமென்று தாய் பிடிவாதமாக நின்று ஜேர்மனிக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபை காட்டும் இடத்தைக் கூட்டித் துடைக்கலாம், அவ்வளவுதான். அண்ணைக்குக் காட்டிய இடம் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுகூடம். சனிக்கிழமைகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து கடதாசி வட்டங்களைச் சுட்டுவிட்டு, பியர் குடித்துவிட்டுப் போவார்கள். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. கடையில் வாங்கும் ரவையில் அவருக்கு நம்பிக்கையில்லை. வெறுங்கோதுகளைச் சேர்த்து, தன் வீட்டு நிலவறையில் மேசையோடு பூட்டியிருந்த கைப்பிடி இயந்திரத்தில் தானே திரும்பவும் வெடிமருந்தடைத்துக்கொள்வார். அடைப்பதற்கு முன் கோதுகளைக் கழுவவேண்டும். தன் குசினித் தொட்டியில் அந்தக் கரியைக் கழுவக் கூடாதென்று அவருடைய மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அண்ணை அந்த வேலையைத் தானாகவே கேட்டு வாங்கினார். அந்த வீட்டு நிலவறை வரைக்கும் போகுமளவுக்கு இருவரும் பழகிவிட்டார்கள்.

"உருளைக்கிழங்குக்குப் பின்னால முழுக்க மருந்துப் பேணி. இவ்வளவு வைச்சிருக்கச் சட்டமில்லையாம். அவனே சொல்லிச் சிரிக்கிறான்," என்று அண்ணை என்னிடம் சொன்னார். அப்போது நானும் சிரித்தேன்.

அவர் கோதுப் பேணியோடு வந்துபோவதை யாரோ கண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு காலை பொலிஸ் வந்து அறையைக் கிளறியது. கட்டிலுக்குக் கீழே பேணி இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜேர்மன் தெரியும் என்பதால் பொலிஸ் நிலையத்துக்கு நானும் போனேன். யார் தந்தது என்று அண்ணை பதற்றமில்லாமல் சொன்னார். பொலிஸ்காரர் பொறுப்பாளரிடம் விசாரித்துவிட்டு வந்து, தான் எதையும் கொடுக்கவில்லை, சுடுகூடத்திலிருந்து கேளாமல் எடுத்திருக்கிறான் என்று அவர் சொன்னதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"திருப்பிக் கேளும் தம்பி. களவெடுத்தனான் எண்டோ சொன்னவன்?"

"ஓம் அண்ணை."



அன்று பின்னேரம் நான் பொறுப்பாளரின் வீட்டுக்குப் போனேன். அவர் மருந்துப் பேணிகளைக் காரின் பின்பக்கத்தில் அடுக்கி, மேலே கம்பளியால் மூடிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்க முன்னரே, "உண்மையைச் சொன்னால் இங்கே வந்து தேடுவார்கள். என் அனுமதிப் பத்திரமும் சங்கமும் போய்விடும். அவன் இளைஞன், வேறு நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான்," என்றார். மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வழக்குப் பதிவானது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத நிலையில் களவுக் குற்றமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கோடையில்தான் ஊரில் அமைதி ஒப்பந்தம் வந்து, சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அண்ணை திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அங்க இன்னும் ஒண்டும் தெளிவில்லை."

"கள்ளன் எண்ட பேரோட இஞ்ச இருக்க ஏலாது தம்பி. அங்க அம்மாவும் தனிய. நான் போறன்."

ஹம் புகையிரத நிலையத்தில் அவரை வழியனுப்பினேன். வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் என் பக்கத்திலேயே நின்றார்.

இலையுதிர் காலத்தில் ஊரில், ஒப்பந்தத்தின் பேரில் அமைதி காக்க வந்த வேறொரு இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. லண்டனிலிருந்த அவருடைய மச்சான் விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். ரோந்து வந்தவர்கள் அண்ணையை வீட்டுப் படலையடியிலேயே சுட்டுவிட்டார்கள். தாய் உள்ளே இருந்திருக்கிறார்.

முதல் பனி கொட்டிய நாட்களில் பொறுப்பாளரின் மனைவி விடுதியைத் தேடி வந்தார். தானே பொலிசுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வீட்டைச் சோதித்துத் துப்பாக்கிகளையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். கணவர் இவரோடு பேசுவதில்லையாம். "இனி வழக்கு இருக்காது. அவர் திரும்பி வரலாம் என்று எழுதுங்கள்," என்றார். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய களை.

அவர் இறந்துவிட்டார் என்றேன். எப்படி என்று கேட்டார். சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பதற்கு ஜேர்மனில் ஒரே சொல். அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணையின் கட்டிலில் அப்போது வேறொருவர் படுத்து வந்தார். அதன் ஓரத்தில் அந்த அம்மா மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்தார். "அவருடைய பெயர் என்ன? எங்கள் வீட்டில் தமிழன் என்றுதான் சொல்வோம். பொலிசிலும் அப்படித்தான் சொன்னேன்," என்றார்.

நான் பெயரைச் சொன்னேன். அவருடைய நாக்குப் புரளவில்லை. மெதுவாகத் திரும்பச் சொன்னேன். வாய்க்குள் வைத்து உருட்டி, தப்பாகச் சொல்லி, தானே திருத்தி, கடைசியில் ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார். இந்த நகரத்தில் நான் எத்தனையோ வருடங்களாக இருக்கிறேன். துப்பாக்கிச் சங்கத்து ஊர்வலம் கோடையில் என் வீட்டு வாசலால் வாத்தியத்தோடு போகும். அண்ணையின் பெயரைச் சரியாக உச்சரித்த ஜேர்மன்காரர் அந்த அம்மா ஒருவர்தான். அப்போது அந்தப் பெயருக்கு ஓம் சொல்ல ஆள் இருக்கவில்லை.