நாலு டெஸ்க்டாப்பும் ஒரு நாற்காலியும்

1. கலா லீவு போட்டபோது

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர். கொள்முதல், விற்பனை, கணக்கு என்னுடையது. லோடு அனுப்புவது, லாரியில் போகும் சரக்குக்கு ஜிஎஸ்டி தளத்தில் ஈ-வே பில் போடுவது, வடநாட்டு வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் விலை சொல்வது கலாவுடையது. பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் லீவு போட்டாள். அவள் சோலியும் என் கம்ப்யூட்டருக்கு வந்தது.

திரையில் விண்டோ மேல் விண்டோ. கணக்கு, ஏலத்தில் எடுத்த காயின் பட்டியல், ஈ-வே பில், மெயில், வாட்ஸ்அப். ஒன்றைத் தேட எல்லாவற்றையும் சுருக்க வேண்டும்.

மழை பெய்த ஒரு காலையில் லாரி டிரைவர் போன் செய்தார்.

"அக்கா, தேனி தாண்டி டாக்ஸ் ஆபீசருங்க வண்டிய மறிச்சுட்டாக. பில்லுல பழைய வண்டி நம்பர் இருக்காம். வெரசா மாத்தி விடுங்க, தார்ப்பாய் ஒழுகுது."

வண்டி மாறியதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அதே நேரம் ஒரு வியாபாரி எட்டு எம்எம் அளவு ஏலக்காய்க்கு விலை கேட்டு விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். ஈ-வே பில் பக்கம் எதற்கு அடியில் கிடக்கிறதென்றே தெரியவில்லை. கண்டுபிடித்தபோது லாக்அவுட் ஆகியிருந்தது. மறுபடி உள்ளே போய் நம்பரை மாற்றி முடிப்பதற்குள் மேலே இருந்த மூட்டைகள் நனைந்துவிட்டன.

2. தம்பி மகள் சொன்னது

கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி மகளிடம் புலம்பினேன்.

"அத்தே, விண்டோஸ் கீயும் டேப் கீயும் சேத்து அமுக்குங்க. நியூ டெஸ்க்டாப்னு வருதா? ஒவ்வொரு சோலிக்கும் ஒண்ணு வச்சுக்கங்க. கண்ட்ரோல், விண்டோஸ், அம்புக்குறி மூணையும் சேத்து அமுக்குனா மாறிமாறிப் போகலாம்."

அப்படியே செய்தேன். முதல் டெஸ்க்டாப்பில் கணக்கு. இரண்டாவதில் ஏலப் பட்டியலும் குடோன் இருப்பும் பக்கத்துப் பக்கத்தில். மூன்றாவதில் ஈ-வே பில் மட்டும். நான்காவதில் மெயிலும் வாட்ஸ்அப்பும். எது எங்கே என்று கைக்குத் தெரிந்தது. அன்றுதான் சற்று மூச்சு விட்டேன்.

முதலாளி பின்னால் வந்து நின்று, திரையில் ஈ-வே பில் மட்டும் இருப்பதைப் பார்த்தார். "என்னம்மா, எல்லாத்தையும் அழிச்சுப்புட்டியா?"

"இல்ல மொதலாளி, அடுத்த டெஸ்க்டாப்புல இருக்கு." மாற்றிக் காட்டினேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நாலு மேசைச் சோலிய நீ ஒருத்தியே பாத்துருவ போலயே!"

நானும் சிரித்தேன். சில நாளில் கலாவின் மேசையும் நாற்காலியும் குடோனுக்குப் போயின. மேசைமேல் சாம்பிள் கவர்களை அடுக்கினார்கள். அவள் கம்ப்யூட்டர் எடை போடும் இடத்துக்குப் போனது.

"கலா வந்தா, மொதலாளி?"

"வேற எடம் பாத்துக்கச் சொல்லிருவோம். உனக்குத்தான் மெசினு தோதா இருக்கே."

3. மூடியவை இரண்டு

அதன்பின் வந்த வாரங்களில் டெஸ்க்டாப்புகளில் குழப்பமே இல்லை. குழம்பியது நான்தான். கணக்கில் பாதி வரி போட்டிருக்கும்போது போன் வரும். மூன்றாவதுக்குப் போவேன். திரும்பி வந்தால் எதில் விட்டேன் என்று தெரியாது. வீட்டில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே அலுப்பாக இருக்கும்.

ஒரு நாள் கலா போனில் பேசினாள். "அக்கா, அம்மா நடக்க ஆரம்பிச்சிட்டாக. திங்கக்கெழம வந்துரவா?"

மேசை போன கதையை என்னால் சொல்ல முடியவில்லை. "வா" என்றேன்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். "மொதலாளி, மூணாவதும் நாலாவதும் கலா சோலி. இனிமே நான் தொட மாட்டேன்."

"இத்தன நாள் பாத்தேல்ல?"

"அவ வர்ற வரைக்கும்னு பாத்தேன்."

"முடியாதுன்னா நீயும் கெளம்பலாம்."

இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பேன்? ஆனாலும் நாற்காலிக்கு வந்து, அந்த இரண்டு டெஸ்க்டாப்பையும் மூடிவிட்டு, கணக்கைத் தொடர்ந்தேன். வடநாட்டு போன் வந்தபோது முதலாளியிடமே கொடுத்தேன். அவர் தெரிந்த இந்தியில் தடுமாறினார். லோடு ஏற்றிய லாரி, ஈ-வே பில் போட ஆளில்லாமல், குடோன் வாசலில் சாயங்காலம் வரை நின்றது.

மறுநாள் காலையில் கலாவின் மேசையும் நாற்காலியும் பழைய இடத்தில் இருந்தன. கம்ப்யூட்டரும் வந்திருந்தது.

"அந்தப் புள்ளைய வரச் சொல்லு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை கலா வந்து உட்கார்ந்தாள். "என்னக்கா, மேசையெல்லாம் காய் வாசம்?"

"குடோன்ல வச்சிருந்தாக" என்றேன். அவள் ஒரு துணி எடுத்து மேசையைத் துடைத்தாள். அன்று மத்தியானம் மவுசைத் தொடாமல் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன்.

முதலாளி இன்றைக்கும் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். டெஸ்க்டாப் எத்தனை வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள், அது நல்ல வசதி. இன்னொருவர் வேலையை அதில் கொண்டுவந்து வைத்தால் மட்டும், எத்தனை நாளைக்கு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.