ஒன்பது அடிக் காகிதமும் அம்மன் குங்குமமும்

என் கையில் ஒன்பது அடி நீளத்துக்கு ஆராய்ச்சி. எதிரே எனக்கென்று ஒதுக்கியிருந்த பலகையோ நாலே அடி. எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் விஞ்ஞானிகள் கூடிய மண்டபத்தில் நான் அப்படித்தான் நின்றேன்.

அம்மனை நம்பும் உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆரணியில் நாங்கள் பட்டு நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரக்குச் சிவப்புப் புடவை ஏன் சில சமயம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. தெருத் தெருவாகக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பட்டு நூலை வேகவைத்தால், அந்தச் சோப்பே நூலில் படிந்து, சாயத்தைச் சீராகப் பிடிக்க விடுவதில்லை. மழைத்தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை.

இதைப் படங்களோடு தாளில் எழுதி மாட்டி, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். அதற்குப் போஸ்டர் என்று பெயர். "இது நல்லா அமைஞ்சா ஆராய்ச்சிப் படிப்புல சேர்த்துக்கிறேன். இல்லன்னா நீ தறிக்கே போயிடலாம்" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வீட்டில் என் தறி காலியாகத்தான் இருந்தது.

அதுவரை நான் அப்படியொரு போஸ்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது புடவைதான். மூன்று சார்ட் தாள்களைக் காடாத்துணியில் வரிசையாக ஒட்டினேன். புடவையின் உடல் வரும் இடம் முழுக்கச் சோதனைகள். கடைசியில், முந்தானை வரும் இடத்தில், முடிவையும் சாயம் போட்ட நூல் சிட்டங்களையும் வைத்தேன். பலகையின் அளவைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பக்கத்துப் பலகைக்காரர், "பாதிய வெட்டிடுங்க தம்பி" என்றார். எந்தப் பாதியை? முந்தானையை வெட்டினால் முடிவு இல்லை. உடலை வெட்டினால் ஆதாரம் இல்லை. நடுவர்கள் வர அரை மணி நேரம்தான் இருந்தது.

சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். "மாரியம்மா, எனக்கு ஒரு வழியும் தெரியல. நீயே காட்டு" என்றேன். வேறு வேண்டத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் என் மாமன் மகன் ஏழுமலை! என்னோடு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, சுருளைக் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் புடவை போடப் போனவன்.

"இந்தாடா மச்சான், அத்த குடுத்த அம்மன் குங்குமம். சட்டப் பையிலியே மறந்துட்டேன். பாதி வழியில பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாறேன். இன்னாடா, எதுக்கு அழுதுகினு கீற?"

சொன்னேன். பலகையைப் பார்த்தான். சுருளைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"இவ்ளோ படிச்சியே! ஆறு கஜம் பொடவைய கடக்காரன் ரோட்டுல விரிச்சா காட்டுறான்? மடிச்சு, முந்தானிய மேல வையிடா. புடிச்சா, உள்ள இருக்கறத அவங்களே கேப்பாங்க."

குங்குமத்தை நெற்றியில் இட்டேன். முதல் தாளைப் பலகையில் குத்தி, மற்ற இரண்டையும் விசிறி போல மடித்து அதன்மேல் விட்டோம். முடிவும் சிட்டங்களும் முன்னால் வந்து நின்றன. துணியில் ஒட்டியிருந்ததால் மடிப்பில் தாள் கிழியவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மையார் சிட்டத்தைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு ஆதாரம் எங்கப்பா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஏழுமலை முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் ஒன்பது அடியையும் விரித்துவிட்டான்.

"நல்லா பாருங்கம்மா! பாக்கறதுக்குக் காசு இல்லீங்க!"

அந்த அம்மையாரே சிரித்துவிட்டார். என் பயம் போன இடம் தெரியவில்லை. இங்கிலீஷ் பாதி, தமிழ் பாதியாகக் கிணறு கிணறாகச் சொல்லிக்கொண்டே போனேன். மற்ற பலகைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சாயங்காலம் வரை ஏழுமலை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான்.

கிளம்பும்போது பேராசிரியர், "திங்கக்கிழமை வந்து சேர்ந்துடு. அந்த விரிக்கிறவரையும் கூட்டிட்டு வா" என்றார்.

இன்று எங்கள் தெருவில் சாயம் போடுகிறவர்கள் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள். படித்தவன் என்ற நினைப்பில், முன்பெல்லாம் கோயிலை வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு நடப்பேன். இப்போது வெள்ளி தோறும் உள்ளே போகிறேன், ஏழுமலையையும் இழுத்துக்கொண்டு.

அவன் குங்குமத்தை மறந்தான் என்று நீங்கள் சொல்லலாம். மறக்க வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். கலங்கி நிற்கும் அன்பர்களே, நீங்களும் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசலைத் திரும்பிப் பாருங்கள்.