பக்கத்துக் கட்டம்

கல்லூரி நூலகக் கணினியில் யாரோ அந்த விளையாட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டங்களில் எத்தனை வெடி என்று காட்டும் எண்களைக் கொண்டு, வெடி ஒளிந்திருக்கும் கட்டங்களைத் தவிர்க்க வேண்டும். மவுஸைத் தொடுமுன் என் கை தானாக மேசையின் இரும்புக் காலைத் தொட்டது.

அது அம்மாவின் பழக்கம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன், உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொடுவாள். திருத்தங்கல் வீட்டில் என்னோடு இந்தக் கணினி விளையாட்டுக்கு உட்கார்ந்தாலும் முதலில் ஜன்னல் கம்பியைத்தான் தொடுவாள்.

“கம்ப்யூட்டரு வெடிக்காதும்மா” என்பேன்.

“சொல்லிட்டா வெடிக்குது? நீ எண்ணு புள்ள.”

ஒருநாள் என் அவசரத்தில் ஒரு கட்டம் வெடித்தது. உடனே ஒளிந்திருந்த அத்தனையும் வெடித்தன.

“தப்பு ஒரு கட்டத்துலதான? மத்ததெல்லாம் எதுக்கு வெடிக்குது?” என்றாள்.

“விளையாட்டு அப்படித்தாம்மா” என்று சிரித்தேன்.

அந்தச் சீசனில் கம்பெனியின் பக்கத்து அறையில் பிடித்த தீ அம்மாவையும் கொண்டுபோனது. அன்றும் அவள் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனாளாம்.

ஒரு கட்டத்தையும் திறக்காமல் விளையாட்டை மூடினேன்.